பைக்குள் போகும் கோடாலி

"என்ன மாதிரி கோடாலி வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். கேட்டது அவளை அல்ல, அவள் கணவனை.

கோடாலிகள் தொங்கிய சுவருக்கு முன்னால் முதலில் வந்து நின்றது அவள். ஒவ்வொன்றாக இறக்கி, காம்பைத் தடவி, கையில் நிறுத்தி எடை பார்த்து, திரும்பத் தொங்கவிட்டுக்கொண்டிருந்ததும் அவள்தான். கணவன் அதுவரை கூடாரங்கள் இருந்த பக்கம் தன் முதலாளியோடு நின்று, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். ஆனாலும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவளைத் தாண்டிப் போய், அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் காலையிலேயே பாதி தூரம் ஏறித்தான் இருந்தது. "கோடாலியை நான் பாத்துக்கிறேன், நீங்க கூடாரத்துக்கு ஆணி பாருங்க" என்று வீட்டில் பேசி முடித்துத்தான் கிளம்பியிருந்தார்கள். பாதி வழியில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. "எனக்கும் ஒரு கோடாலி வேணும்யா. நாங்களும் கடைக்கு வர்றோம். உன்னை விட்டா அதுல யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். அவ்வளவுதான், அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் பேசியது வீட்டோடு போயிற்று.

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். வருடா வருடம் குளிர் தொடங்கும்போது கம்பெனிக் குடும்பங்கள் எல்லாம் ஏரிக்கரைக் காட்டுக்குப் போய்க் கூடாரம் அடிப்பது முதலாளி வைத்த வழக்கம். அங்கே விறகு கிடைக்கும். ஆனால் உருண்டைக் கட்டைகளாகத்தான் கிடைக்கும். பிளந்துகொள்வது அவரவர் பாடு. சமையலுக்கும் வெந்நீருக்கும் சாயங்காலம் சுற்றி உட்கார்ந்து கதை அளப்பதற்கும் அந்த நெருப்புதான். பல வருடங்களாக எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து விறகு பிளந்தது அவன். கம்பெனியில் அவனுக்குக் கோடாலி என்றே பெயர். போனில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பிறகு அவனுடைய வலது தோள் போயிற்று. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இனி கனமான எதையும் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவன் அலுவலகத்தில் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருந்தான்.

"முதலாளி காதுக்குப் போச்சுன்னா என்னைத் தூக்கி ஸ்டோர்ல உக்கார வெச்சிடுவாரு. நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டு கிடக்கணும்" என்று அவளிடம் அழாத குறையாகச் சொன்னான். அவளும் நம்பினாள். பாவமாக இருந்தது. "சரி, இந்த வருஷம் நான் பிளக்கிறேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொன்னதும் அவள்தான். அந்த வாயை என்ன சொல்வது.

அவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து பழகிய உடம்பு, மாவோடு மல்லுக்கட்டி இறுகிய கைகள். ஏரிக்கரையில் எல்லாரும் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது அவள் குளியலறைக் கொட்டகைக்குப் பின்னால் போய், சத்தம் கேட்காத தூரத்தில் கட்டைகளைப் பிளப்பாள். அவன் அதைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கி வைப்பான். வெயில் வந்ததும் காபிக் கோப்பையோடு அடுக்குக்குப் பக்கத்தில் நின்று, துண்டால் நெற்றியைத் துடைப்பான். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. "கோடாலி கோடாலிதான்யா" என்பார்கள் மற்றவர்கள். அவன் அடக்கமாகச் சிரிப்பான். அந்த அடக்கம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, ஒரு வருடம் என்று தொடங்கியது இரண்டாயிற்று. இரண்டாவது வருடம் அவன் புதுக் கோடாலி ஒன்று வாங்கினான். சின்னது, பளபளப்பானது, பைக்குள் போய்விடும். குட்டைக் காம்பு. கட்டையில் படாமல் நழுவினால் நீளக் காம்புக் கோடாலி தரையில் போய் விழும். குட்டைக் காம்பு அப்படியே சுழன்று வெட்டுகிறவளின் காலுக்கு வரும். அரை இருட்டில் அவள் காலுக்கு வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. அவன் ஓடி வந்து கட்டுப் போட்டான், தன் துண்டைக் கிழித்துத்தான் போட்டான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போட்டுக்கொண்டே, "ஏரிப் பாறைல வழுக்கிட்டேன்னு சொல்லிடு" என்றான். தையல் போட்டுத் திரும்பி வந்ததும் முதலாளியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல ஷூ வாங்கிப் போடக் கூடாதாம்மா? இந்த மாதிரி செருப்பைப் போட்டுக்கிட்டு பாறைல ஏறலாமா?" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னார். அவள் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினாள்.

அதனால்தான் இந்த வருடம் கோடாலியைத் தானே பார்க்கிறேன் என்றாள். ஆசையாலோ அதிகாரத்தாலோ சொன்னதல்ல. அது அவள் கால்.

கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். முதலாளியும் முதலாளியம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"கேம்பிங்குக்குக் கோடாலின்னா சார், முதல்ல பாக்க வேண்டியது எடை" என்று ஆரம்பித்தான். "சும்மா பெருசா தூக்கிட்டு போகக் கூடாது. பைக்குள்ள போகணும். இதோ, இந்த மாதிரி." அவன் எடுத்தது போன வருடக் கோடாலியின் உடன்பிறப்பு. அதே குட்டைக் காம்பு, அதே மெல்லிய அலகு. கிளை நறுக்கத்தான் லாயக்கு. உருண்டைக் கட்டையில் போட்டால் அலகு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், பிளக்காது. பிறகு கட்டையோடு சேர்த்துத் தூக்கித் தூக்கி அடிக்க வேண்டும். அடிக்கப் போவது அவன் அல்லவே.

அவள் தான் பார்த்து வைத்திருந்ததை எடுத்தாள். காம்பு அவள் கை நீளத்துக்கு இருந்தது. தலை ஆப்பு மாதிரி பின்பக்கம் தடித்திருந்தது, கட்டைக்குள் இறங்கும்போதே இரண்டு பக்கமும் தள்ளிப் பிளக்கிற வகை. காம்பில் மரத்தின் ரேகை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓடியது. கார் டிக்கியில் குறுக்காக வைத்தால் தாராளமாகக் கிடக்கும்.

"இதைப் பாருங்க" என்றாள். "காம்பு கொஞ்சம் நீளம் வேணும். தலை தடிமனா இருக்கணும்."

"அது ரொம்பப் பெருசும்மா" என்றார் கடைக்காரர், அவன் முகத்தைப் பார்த்தபடி. "சாருக்குத் தெரியும்."

"அது பைக்குள்ள போகாது" என்றான் அவன்.

"பைக்குள்ள போறது முக்கியமா, காலுக்குள்ள போகாம இருக்கிறது முக்கியமா?"

அவன் கண் ஒரு நொடி அவள் காலுக்குப் போய்த் திரும்பியது. புரிந்தது அவனுக்கு. நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டே முதலாளி பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"எங்க வீட்டம்மாவுக்கு ரொட்டி வெட்டத்தான் சார் தெரியும். கோடாலியைக் கண்டாலே பயம்."

முதலாளி கடகடவென்று சிரித்தார். முதலாளியம்மாவும் சிரித்தார், கெட்ட எண்ணத்தோடு இல்லை. கடைக்காரர் வியாபாரத்துக்காகச் சிரித்தார். அவள் கோடாலிக் காம்பை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததெல்லாம் இதற்குத்தானா? செய்ததைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. செய்தவளையே வைத்துச் சிரிப்புக் காட்டுவது வேறு. மறைக்கச் சொன்னான், மறைத்தாள். கேலி செய்யச் சொல்லி யார் சொன்னது?

"பின்னாடி முற்றத்துல கட்டை கிடக்கு சார். வேணும்னா போட்டுப் பாத்து எடுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"வா கோடாலி, ஒரு வெட்டு வெட்டிக் காட்டு" என்று முதலாளி அவன் முதுகில் தட்டினார். தட்டியது வலது பக்கம். அவன் முகம் சுருங்கியதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

முற்றம் சிமெண்டுத் தரை போட்ட சின்ன இடம். காலி அட்டைப்பெட்டிகள், உடைந்த ஒரு தள்ளுவண்டி, நடுவில் அகலமான மரமுண்டு ஒன்று. கடைக்காரர் அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்திவிட்டு ஒதுங்கினார். அவன் கையில் அந்தக் குட்டைக் கோடாலி. அவள் தன்னுடையதை இன்னும் கீழே வைக்கவில்லை.

அவன் கட்டையைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். "ஈரம் இருக்கோ?" என்றான். "இருக்காது சார், போன வருஷத்துக் கட்டை" என்றார் கடைக்காரர். அவன் இன்னொரு சுற்று வந்தான். பிறகு மூளையில் ஏதோ மின்னியதுபோல் நிமிர்ந்தான்.

"முதல்ல நீ ஒண்ணு போடு" என்று அவளைப் பார்த்துச் சொன்னான், எல்லாருக்கும் கேட்கும்படி. "எவ்வளவு கஷ்டம்னு உனக்கும் தெரியட்டும்." குட்டைக் கோடாலியை அவள் கையில் திணிக்க வந்தவன், காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "தவற விடு. ரெண்டு தடவை தவற விட்டுட்டு கீழ போட்டுடு. சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. ப்ளீஸ்."

தவற விடு.

அந்தக் கோடாலியில் தவறவிட்டால் அது எங்கே வரும் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவன் சொல்கிறான். அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நினைக்கவே இல்லை, அதுதான் விஷயம். அவள் காலைப் பற்றிய நினைப்பு, தேவைப்பட்ட நேரத்தில் அவன் தலைக்குள் வரவே இல்லை.

அவள் அவன் நீட்டிய கோடாலியை வாங்கவில்லை. தன் கையில் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முண்டுக்கு முன்னால் போய் நின்றாள். கால்களை அகட்டி, தூரத்தை ஒரு தரம் அளந்து பார்த்தாள். தூக்கினாள். போட்டாள்.

கட்டை ஒரே அடியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போய் விழுந்தது.

அவளே குனிந்து ஒரு பாதியை எடுத்து நிறுத்தி அதையும் பிளந்தாள். அடுத்த பாதி. மூலையில் கிடந்த பெரிய கட்டையைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து, முக்கித் தூக்கி நிறுத்தினாள். அதில் ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சை விட்டு விளிம்பில் போட்டாள், பிறகு மறு விளிம்பில், பிறகு நடுவில். அது முனகிக்கொண்டே திறந்தது. மூச்சு வாங்கியது. கோபத்தில் அடித்தாலும் ஒரு அடிகூட வீணாகவில்லை. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அடேங்கப்பா" என்றார் முதலாளி. "என்னய்யா இது?" அவர் திரும்பியது அவன் பக்கம். "நல்லாப் பழக்கி வெச்சிருக்கியே."

அவனுக்கு அங்கே ஒரு வாசல் திறந்தது. எந்த வாசல் திறந்தாலும் நுழைந்துவிடுகிற ஆள் அவன்.

"ஆமா சார்" என்றான். "கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்தேன். இப்பதான் ஏதோ வருது."

அவள் கோடாலியை இறக்கினாள். காம்புப் பக்கத்தை அவனிடம் நீட்டினாள்.

"சொல்லிக் குடுத்தவர் ஒண்ணு பிளந்து காட்டட்டும்" என்றாள்.

"எதுக்கு, அதான் நீ..."

"காட்டுங்க. நானும் கத்துக்கிறேன்."

அவள் செய்வது கொடுமை என்று அவளுக்கே தெரிந்தது. அந்தத் தோளுக்கு இரவும் பகலும் ஒத்தடம் கொடுத்தவள் அவள். சட்டை மாட்டிவிட்டவள், தலை துவட்டிவிட்டவள். ஆனாலும் நீட்டிய கை திரும்பவில்லை. முதலாளி "காட்டுய்யா, காட்டுய்யா" என்று உற்சாகமாகக் கைதட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். வேறு வழி இல்லை.

தூக்கினான். கோடாலி இடுப்புவரை வந்தது, நெஞ்சுவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. இடது கை மேலே இழுத்தது, வலது கை வர மறுத்தது. கோடாலி ஒரு பக்கமாகச் சரிந்து ஆடியது. அவன் உதடு வெளுத்தது. பார்த்துக்கொண்டே நின்றாள் அவள். இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு மனம் குளிரும் என்று எத்தனையோ விடியலில் நினைத்திருக்கிறாள். குளிரவில்லை. இன்னும் எரிந்தது. இவனை இப்படி நிற்கவைக்கிற இடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

கோடாலித் தலை தரையில் டங்கென்று இறங்கியது.

"முடியாது சார்" என்றான். "தோள் ஆப்பரேஷன் ஆச்சு. ரெண்டு வருஷமா நான் பிளக்கல. இவதான் பிளக்கிறா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, யாருக்கும் தெரியாம."

முதலாளி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிளந்து கிடந்த விறகைப் பார்த்தார்.

"அட, இதுக்கா?" என்றார். "தோள் போச்சுன்னா போச்சுன்னு சொல்றதுக்கு என்னய்யா? எனக்கு ரெண்டு முட்டியும் போய் எத்தனை வருஷமாச்சு. நான் என்ன லிஃப்ட் கூண்டுக்கு மேலயா ஏறிக்கிட்டிருக்கேன்? சூப்பர்வைசருக்கு வாய் இருந்தா போதும். அது உனக்கு நல்லாவே இருக்கு."

அவ்வளவுதான். ஸ்டோரும் இல்லை, நட்டு போல்ட்டும் இல்லை. அவர் அத்தோடு அதை மறந்துவிட்டு, "அப்ப எனக்கு எதும்மா நல்லது, நீயே ஒண்ணு எடுத்துக் குடு" என்று அவளிடம் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டே சுள்ளி நறுக்கச் சின்னது ஒன்று. முட்டி போனவருக்கு அது போதும். முதலாளியம்மா மட்டும் அவள் கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடையை விட்டு வெளியே வரும்போது அவள் முழங்கையைப் பிடித்து, "பாறை இல்லையாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

காரை அவள்தான் ஓட்டினாள். கோடாலி டிக்கியில் குறுக்காகக் கிடந்தது. அவன் பக்கத்து இருக்கையில், பரீட்சை முடிந்த பையன் மாதிரி லேசாகிவிட்டிருந்தான். தோளை நீவிக்கொண்டு தானாகச் சிரித்தான்.

"பாத்தியா, ஒண்ணுமே ஆகல" என்றான். "நாமதான் வீணா பயந்துட்டோம்."

"நாமளா?"

"சரி, நான்தான். நான்தான் பயந்துட்டேன்." பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான். சிக்னலில் கார் நின்றது. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னான்: "இனிமே ஒரு தொந்தரவும் இல்ல. நீ இருட்டுல எழுந்திருக்க வேணாம். பகல்லயே பிளக்கலாம், எல்லார் முன்னாடியும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பச்சை விழுந்தது. அவள் சாலையைத் தாண்டி, ஒரு தபால் பெட்டிக்குப் பக்கத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு விறகு பிளக்கப் பிடிக்கும்" என்றாள். "தெரியுமா உங்களுக்கு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "தெரியாதே. எனக்காகக் கஷ்டப்படுறேன்னுதான்..."

"கட்டை நேரா ரெண்டா விழும் பாருங்க. அப்ப எனக்கு வாய்விட்டுச் சிரிக்கணும்போல இருக்கும். யாரையாவது கூப்பிட்டு, இங்க பாரேன்னு காட்டணும்போல இருக்கும். சத்தம் போட்டா உங்க குட்டு உடைஞ்சிடும். அதனால வாயைப் பொத்திக்கிட்டு நிப்பேன். எனக்குப் பிடிச்ச ஒரு வேலையை, திருடி மாதிரி ஒளிஞ்சு செஞ்சேன். எதுக்கு? ஒண்ணுமே ஆகாததுக்கு. இப்ப நீங்க எனக்கு அனுமதி குடுக்குறீங்க."

இந்தப் பேச்சில் நுழைவதற்கு அவனுக்கு வாசல் எதுவும் கிடைக்கவில்லை. அவன் முகத்திலிருந்த லேசு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதல் தடவையாக அவன் அவளுடைய காலைக் குனிந்து பார்த்தான், நின்று நிதானமாக.

"என்னை மன்னிச்சி..." என்று ஆரம்பித்தான்.

"இப்ப வேணாம்" என்றாள். "இப்ப கேட்டா காதுல ஏறாது. கோவமா இருக்கேன்."

"அப்ப எப்ப கேக்கட்டும்?"

"நான் சொல்றேன்."

அவன் தலையாட்டினான். அவள் காரை எடுத்தாள். வீடு வரும்வரை அவன் இரண்டு மூன்று தரம் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.